தினமும் ஒரு அதிகாரம்: விவிலிய வாசிப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து அன்பியக் கூட்டங்களில் (பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டங்கள்) துண்டுச்சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் என்னிடம் நிறைய சேர்ந்துவிட்டன. முப்பது வருடம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், நான் விசைப்படகில் போகிறவன். மூன்று தடவை தொடக்கநூலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று தடவையும் லேவியரில் நின்றுவிட்டது. என்ன செய்ய?

லேவியரில் நின்றுபோனவர்கள் நம் கோயில் பங்கில் பாதிப்பேர் இருப்பார்கள், தம்பி. பலி, குருக்கள், சுத்தம், அசுத்தம் பற்றிய சட்டங்கள் அவை. முன்கதை தெரியாமல் நுழைந்தால் திணறத்தான் செய்யும். நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். மாற்கு 16 அதிகாரம், லூக்கா 24, யோவான் 21. கூட்டிப் பாருங்கள், 61 வரும். படகு கரையில் கிடக்கும் நாட்களில் ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். கடைசி நாள் ஜூன் 14, மறுநாள் கடலுக்குப் போகத் தயாராகும் இரவு. அன்று வருவது யோவான் 21. அதில் பேதுரு "நான் மீன்பிடிக்கப் போகிறேன்" என்று கிளம்புகிறார். யாரும் திட்டம் போட்டு அமைத்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அந்த இடத்துக்கு வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மத்தேயுவை விட்டுவிடச் சொல்லவில்லை, 28 அதிகாரம், அடுத்த மாதத்துக்கு ஆகும்.

நான் பாசி எடுக்கப் போகிறவள். விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு ஓடணும். எங்கே உட்கார்ந்து படிப்பது?

உட்காரவே வேண்டாம், தாயி. கடலில் இறங்குமுன் கல் கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றுகிறீர்கள் அல்லவா, அந்த நேரம் போதும். திருப்பாடல் 23-இல் ஆறே வசனம். திங்கட்கிழமை "ஆண்டவர் என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்ற ஒரு வரி மட்டும். துணி சுற்றிக்கொண்டே பத்துத் தடவை சொல்லுங்கள். செவ்வாய்க்கு அடுத்த வரி. சனியோடு ஆறும் முடியும், ஞாயிறு கோயிலில் முழுப்பாடலையும் சொல்லலாம். படிக்கத் தெரியாதென்றால் பிள்ளையை முந்தின ராத்திரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கும் நல்லது.

புத்தாண்டில் ஆளுக்கொரு வசனம் வரும்படி எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. நல்ல எதிர்காலம் தருவேன் என்றிருந்தது. அந்த வருடமே எனக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அந்த வசனம் எனக்கில்லையா, டீச்சர்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் எழுத ஆசை, மகளே.

அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தைப் படித்தாயா? எழுபது ஆண்டு முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்பக் கூட்டிவருவேன் என்று ஆண்டவர் சொல்கிறார். ஊரை இழந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டிய போலி இறைவாக்கினர் அங்கே இருந்தார்கள். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், பிடித்துப் போன அந்த ஊரின் நலனுக்காகவே மன்றாடுங்கள் என்று எழுதினார். இதெல்லாம் ஐந்தாம் வசனத்திலிருந்து இருக்கிறது.

ஆக, அட்டையில் வந்த வரி உடனே பலிக்கிற வாக்கு இல்லை. நினைத்தது நடக்காத இடத்தில் எப்படி வாழ்வது என்று ஆண்டவர் சொல்லித்தருகிற கடிதத்தில் உள்ள வரி. இடம் கிடைக்காத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் எனக்குத் தெரியவில்லை. இந்த வருடம் கையில் என்ன இருக்கிறதோ, அதில் நீ போடக்கூடிய தோட்டம் எது என்று யோசி.

அட்டை எடுப்பது தப்பில்லை. எடுத்த வசனத்தோடு நிறுத்தாமல் அந்த அதிகாரம் முழுவதையும் படி. யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது என்று முதலில் கேள். அப்புறம் உனக்கு என்ன என்று கேள். இந்த வரிசை மாறினால்தான் ஏமாற்றம் வருகிறது.

இயேசு புயலை அடக்கினார் என்று படிக்கும்போதெல்லாம், தனுஷ்கோடியில் ஏன் அடக்கவில்லை என்று மனசு கேட்கிறது. இப்படிக் கேட்பது பாவமா?

பாவம் இல்லை, ஐயா. 1964 டிசம்பர் புயல் வந்தபோது எனக்கு ஏழு வயது. நாங்கள் தனுஷ்கோடிக்காரர்கள். அந்த வாரம் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருந்ததால் பிழைத்தோம். அப்பா தினமும் அரிக்கன் விளக்கில் நற்செய்தி வாசிப்பார். புயலுக்குப் பிறகும் விடவில்லை. ஆனால் மாற்கு நான்காம் அதிகாரம் வந்தால் கடுகு விதை உவமையோடு நிறுத்திவிட்டு, அடுத்து வருகிற புயல் பகுதியைத் தாண்டி, பக்கத்தைத் திருப்பி ஐந்தாம் அதிகாரத்துக்குப் போய்விடுவார். அம்மாவும் ஏன் என்று கேட்டதில்லை.

ஐந்தாறு வருடம் கழித்து ஒருநாள் அவர் தாண்டாமல் வாசித்தார். "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" என்று சீடர்கள் கேட்கிற வரி வந்தது. அன்றைய புத்தகத்தில் சொற்கள் வேறு, பொருள் இதுதான். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, "இதைத்தானே நானும் கேட்டேன், இங்கேயே எழுதியிருக்கே" என்றார். அதற்குமேல் அன்று வாசிக்கவில்லை. பிறகு எந்த வருடமும் அந்தப் பகுதியைத் தாண்டவுமில்லை.

ஏன் அடக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை இயேசு படகைவிட்டு இறக்கிவிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

அண்ணன் எல்லை தாண்டினான் என்று பிடிபட்டு அக்கரையில் இலங்கைச் சிறையில் இருக்கிறான். எந்த வசனமும் மனசில் ஒட்டவில்லை.

ஆறுதல் வசனங்களை இப்போதைக்குத் தள்ளி வையம்மா. திருப்பாடல் 13 எடுத்துக்கொள். எவ்வளவு காலம், எவ்வளவு காலம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிற சின்னப் பாடல். அதுவும் கனமாக இருந்தால் 88. அந்தப் பாடல் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிறது. அதையும் செபம் என்றுதான் விவிலியத்தில் சேர்த்திருக்கிறார்கள். தனியாகப் படிக்காதே. அன்பியத்தில் யாரையாவது உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல். நானும் வருகிறேன்.

பழைய மொழிபெயர்ப்பா, புதிய திருவிவிலியமா?

தினமும் படிக்க 1995-இல் வந்த திருவிவிலியம். தெளிவான தமிழ். ஆனால் சீர்திருத்த சபை வீடுகளில் இருக்கிற பழைய வேதாகமத்தையும் ஒருதரம் புரட்டுங்கள். புயலில் இயேசு படகின் "பின்னணியத்தில்", அதாவது பின்பக்கத்தில், தூங்கினார் என்று அதில் இருக்கும். அணியம் எதுவென்று நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் இந்துப் பெண். தோழி வீட்டில் விவிலியத்தைப் பார்த்தேன். நான் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம், கண்ணு. நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத்தின் தேதிப்படி தினம் ஒன்று. எந்த வீட்டுக்கும் பயன்படுகிற பேச்சு அதில் நிறைய.

போன வருடம் நீங்கள் சொன்னபடி தடைக்காலத்தில் 61 அதிகாரமும் முடித்தேன். கடலுக்குப் போய் நாலு தடவை வெறும் வலை. டீசல் கடன் நிற்கிறது. யோவான் 21-இல் சீடர்கள் வலையில் 153 மீன் விழுந்த கதை எனக்குப் பலிக்கவில்லையே, டீச்சர்?

கடனோடு நிற்கிறவரிடம் வசனம் சொல்லிச் சமாளிக்க எனக்கு மனசு வராது, தம்பி. கடன் விஷயத்தை முதலில் சங்கத்தில் பேசுங்கள். வீட்டில் மறைக்காதீர்கள்.

அப்புறம் யோவான் 21-ஐ இன்னொரு தரம் திறந்து ஒன்பதாம் வசனத்தில் நில்லுங்கள். அவர்கள் வலையைக் கரைக்கு இழுத்துவந்து எண்ணுமுன்பே, அங்கே கரிநெருப்பு மூட்டியிருக்கிறது. அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அந்த மீன் அவர்கள் வலையில் விழுந்ததில்லை. ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்காமல் வருகிறவர்களுக்கு அவர் ஏற்கெனவே சமைத்து வைத்திருக்கிறார். 153-க்கு முன்னால் அதைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னை வந்து பாருங்கள்.