வகுப்புக்கு வராமலே வழிகாட்ட முடியுமா?

கேள்வி: களக்காடு பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என் பொறுப்பு. இணையவழிப் பயிற்சிகளை ஒன்றுவிடாமல் முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். வகுப்பில் மட்டும் பெரிதாக எதுவும் மாறவில்லை. இப்போது பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் போன் வழியாகவே எனக்கு வழிகாட்டுவதாகச் சொல்கிறார். இன்னும் நாலு டீச்சர்களோடு சேர்ந்து வீடியோ அழைப்பில் பேசலாம் என்கிறார். வகுப்பைப் படம்பிடித்து அனுப்பச் சொல்கிறார், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வீட்டிலோ, “இருக்கிற வேலை போதாதா?” என்கிறார்கள். நேரில் வராமல் ஒருவர் என்ன சொல்லித்தர முடியும்?
– பெயர் வேண்டாம்.

பதில்: டீச்சர், ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஒரே ஒரு நிபந்தனை: அவர் உங்கள் வகுப்பைப் பார்க்க வேண்டும், குறைந்தபட்சம் காதால் கேட்கவாவது வேண்டும். வகுப்பைத் தெரியாதவர் சொல்கிற யோசனை எல்லாருக்கும் பொதுவானது. அது உங்களுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்திருக்கிறது.

2020-இல் கொரோனா காலத்தில் நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சி திக்‌ஷா என்ற கல்வி இணையதளத்துக்கு வந்ததிலிருந்து வீடியோ பார்ப்பதும் வினாவுக்கு விடை தருவதும் சான்றிதழை இறக்கி வைப்பதும் நமக்குப் பழகிவிட்டது. ஒரு புதிய முறையை ஒரே நேரத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுபோக அந்த வழி வேண்டும்தான். ஆனால் 42-இல் 17 போனால் 35 என்று எழுதுகிற உங்கள் மூன்றாம் வகுப்புப் பையனை அந்த வீடியோ பார்த்ததில்லை.

அந்தப் பையனையே எடுத்துக்கொள்வோம். விடை தப்பு என்று பார்த்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? “கடன் வாங்கணும்னு சொன்னேன்ல?” என்று கேட்டுவிட்டு, கரும்பலகையில் இன்னொரு தடவை போட்டுக் காட்டுகிறோம். “புரிஞ்சுதா?” “புரிஞ்சுது டீச்சர்!” மறுநாள் மறுபடியும் 35. வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்கிற பயிற்றுநர் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: “அந்த 5 எப்படி வந்தது என்று அவனிடம் கேட்டீர்களா?” கேட்டால் சொல்லிவிடுவான்: “ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர்.” பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை அவன் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். இனி அவனுக்கு வேண்டியது ஈர்க்குச்சிக் கட்டு. நாலு பத்துக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் இருந்தால், ஏழு குச்சி கொடுக்க ஒரு கட்டை அவனே பிரித்துவிடுவான். இதைத்தான் வழிகாட்டல் என்கிறேன். அந்த ஒரு கேள்வியை வகுப்புக்குள் நின்றுகொண்டு நாமே நம்மிடம் கேட்டுக்கொள்வது கடினம், அதுவும் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த மூன்று குழுவையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு.

தூரத்திலிருந்து வழிகாட்டுவது பலிக்குமா என்று ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆசிரியர்கள் தங்கள் பாடவேளையைப் படம்பிடித்து அனுப்பினார்கள். பயிற்றுநர் அதிலிருந்து சின்னத் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, கேள்வி எழுதி, பிறகு போனில் பேசினார். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் மாணவர்களின் தேர்வு முடிவுகள் உயர்ந்தன, ஆனால் வழிகாட்டல் முடிந்த அடுத்த வருடத்தில்தான். தென்னாப்பிரிக்காவில் தொடக்க வகுப்புகளில் நடந்த இன்னோர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. நேரில் வந்த பயிற்றுநர்களால் பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சும் வாசிப்பும் முன்னேறின. டேப்லெட், போன் வழியாக மட்டும் வழிகாட்டிய பள்ளிகளில் பேச்சு கொஞ்சம் கூடியது, ஆங்கில வாசிப்பு கூடவில்லை, தாய்மொழி வாசிப்பு பின்தங்கியும் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறபோது எனக்குப் படுவது இதுதான்: முன்னதில் ஆசிரியரின் சொந்த வகுப்பு பயிற்றுநரின் கண்முன் இருந்தது. அதனால்தான் மேலே அந்த நிபந்தனையைப் போட்டேன். அப்புறம், மூன்று மாதத்தில் மதிப்பெண் ஏறவில்லையே என்று தளர்ந்துவிடாதீர்கள்.

கூச்சத்துக்கு வருவோம். வீடியோ இப்போதைக்கு வேண்டாம். போனை மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். முதலில் நீங்கள் மட்டும் கேளுங்கள். கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி பொறுக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களிலேயே இதைக் கவனித்திருக்கிறார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வாயே திறக்காத பிள்ளையும் பேசுகிறது. இந்த ஒன்றை மட்டும் முதல் மாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவு என்பதால் மலையடிவாரத்துச் சிக்னலிலும் போய்விடும். பின்னால் வீடியோ எடுப்பதானால் தலைமையாசிரியரிடம் சொல்லி, பெற்றோரின் சம்மதம் வாங்கி எடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியாமல், கரும்பலகையும் உங்கள் கையும் தெரிந்தால் போதும். அந்தப் பயிற்றுநரைத் தவிர வேறு யார் போனுக்கும் அது போகக்கூடாது.

அவர் ஓய்வுபெற்றவர் என்பது உங்களுக்கு நல்லது. பார்வைக் குறிப்பு எழுதும் அதிகாரம் கையில் இருப்பவரிடம், “எனக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்க வரவில்லை” என்று யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? நீங்கள் பேசுவது தலைமையாசிரியர் காதுக்கோ வட்டாரக் கல்வி அலுவலர் காதுக்கோ போகாது என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு டீச்சர் சேர்வது இன்னும் நல்லது. ஆனால் சுற்றறிக்கையும் எமிஸ் (பள்ளித் தகவல் தளம்) பதிவு வேலையும் வந்து விழுகிற வாட்ஸ்அப் குழுவில் இதைக் கலக்காதீர்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு திருத்துவது நூறாண்டுக்கும் மேலான பழக்கம். நீங்கள் எளிதாக இப்படிச் செய்யலாம்: ஒரே வாரத்தில் எல்லாரும் அதே கழித்தலை நடத்துங்கள், பிள்ளைகளின் நோட்டைப் பெயர் தெரியாமல் படம் எடுத்து வாருங்கள். களக்காட்டுப் பையன் எழுதிய அதே 35-ஐ மானூர்ப் பிள்ளையும் எழுதியிருக்கும். ‘என்னிடம்தான் குறை’ என்று இத்தனை நாள் உள்ளுக்குள் வைத்திருந்த பாரம் அன்றைக்கே பாதி குறையும். ஒரு தடவையாவது பாளையங்கோட்டையில் எல்லாரும் நேரில் சந்தித்துவிடுங்கள். முகம் பார்த்துப் பேசியவரிடம் போனில் மனம் திறப்பது எளிது.

வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பயிற்சிக்கென்று முனைஞ்சிப்பட்டி ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கோ வட்டார வள மையத்துக்கோ நீங்கள் போனால், ஐந்து வகுப்பும் அன்று இன்னொரு டீச்சர் தலையில் விழும். இதில் அந்தச் சங்கடம் இல்லை, ஆனால் உங்கள் மாலை நேரம் போகும். அதனால் வாரம் ஒரு மாலை, அரை மணி நேரம் என்று கறாராக வரம்பு கட்டுங்கள். அரையாண்டு விடுமுறை வரை நடத்திப் பாருங்கள். அதற்குள் அவர் உங்களைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு உபதேசம் மட்டுமே செய்கிறார் என்று தெரிந்தால், நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், தப்பே இல்லை. அந்த நாலு டீச்சர்களோடு பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.