மருந்தாளுநர் கையால் மருந்து கலந்து கொடுக்கும் வழக்கம் எப்போது ஒழிந்தது?

இன்னும் ஒழியவில்லை. பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற வாரம் வரைக்கும் பீங்கான் கல்வத்தில் மாத்திரை அரைத்திருக்கிறேன்.

ஒரு காலத்தில் எல்லா மருந்துமே அப்படித்தான் வந்தது. டாக்டர் சீட்டின் தலையில் போடும் ‘ஆர்எக்ஸ்’ குறிக்கு லத்தீனில் ‘எடுத்துக்கொள்’ என்று பொருள். அது நோயாளிக்குச் சொன்னதில்லை. இதில் இவ்வளவு எடு, அதில் அவ்வளவு எடு என்று மருந்து கலப்பவருக்குச் சொன்னது. எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு, அங்கே மருந்து கொடுத்து வந்த டிரெசர் ஐயா ஞாபகம் இருக்கும். பெரிய ஜாடியிலிருந்து நம் போத்தலில் மருந்துத் தண்ணி ஊற்றித் தருவார்.

மாத்திரையை அச்சில் அழுத்திச் செய்யும் முறைக்கு 1843ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் வில்லியம் பிராக்கடன். அவர் ஓர் ஓவியர். பென்சிலுக்கு நல்ல கரி வேண்டும் என்று தேடிப் போனவர் கையில் மாத்திரை கிடைத்தது. அப்புறம் தொழிற்சாலைகள் பெருகி, கல்வம் மெல்ல ஓரம் போனது.

ஆனால் தொழிற்சாலை பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான் அளவு போடுகிறது. இதயக் கோளாறோடு பிறந்த 5 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம் ஸ்பைரனோலாக்டோன் (உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் மருந்து) என்று டாக்டர் எழுதுகிறார். கையில் இருப்பதோ 25 மில்லிகிராம் மாத்திரை. கத்தியால் ஐந்தாக வெட்டினால் ஐந்தும் ஒரே அளவாக வராது. அதனால் 6 மாத்திரையை மாவாக அரைப்போம். மாவைக் கலந்து வைக்கும் கூட்டுத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு முதலில் களியாகக் குழைக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டிவிடும், அதைத் திரும்பச் சரி செய்யவே முடியாது. பிறகு இளக்கி, கல்வத்தில் ஒட்டியதையும் அதே திரவத்தால் கழுவிச் சேர்த்து, 60 மில்லி ஆக்குவோம். இப்போது 2 மில்லியில் சரியாக 5 மில்லிகிராம்.

மாவைக் குழைக்கும் அந்தத் திரவம் சாதாரண விஷயமில்லை. அமெரிக்காவில் 1937ல் சல்பானிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து விற்றார்கள். மருந்து நல்ல மருந்து, கரைத்த திரவம் விஷம். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பலர் குழந்தைகள். பாதுகாப்பானது என்று காட்டாமல் புது மருந்தை விற்கக்கூடாது என்ற சட்டம் அங்கே மறு வருடமே வந்தது.

போத்தலில் ‘கொன்சாங் செபெலும் குனா’ (குடிக்கும் முன் குலுக்கவும்) என்று மலாயில் ஒட்டியிருந்தாலும், நான் ஒவ்வொரு அம்மாவிடமும் வாயால் சொல்வேன்: “நல்லா குலுக்கிட்டுக் குடும்மா.” குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும், முதல் நாட்களில் பிள்ளைக்குக் குறைவாகப் போகும், போத்தல் முடியும்போது அளவுக்கு மீறிப் போகும்.

தயவுசெய்து இதை வீட்டில் செய்யாதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை அரைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். எந்த மாத்திரையை அரைக்கலாம் என்று மருந்தகத்தில் கேளுங்கள், நின்று பதில் சொல்வார்கள்.