டெட் அன்று காலையில் அழைத்தவர் வீட்டுக்குப் போகலாமா?

கேள்வி: வியட்நாமின் ஹோ சி மின் நகரில் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் டெட் என்கிற சந்திரப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் காலையிலேயே போய் வாழ்த்திவிட்டு வந்துவிடலாமா? என்ன வாங்கிப் போவது? அவருக்கு இரண்டு குழந்தைகள். நான் சைவம்.

பதில்: முதல் நாள் காலையில் மட்டும் போய் நின்றுவிடாதீர்கள். வேறு எதில் தவறினாலும் வெளியூர்க்காரர்தானே என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், இதில் கொஞ்சம் சிக்கல். நள்ளிரவு தாண்டிப் புது வருஷம் பிறந்ததும் அந்த வீட்டுப் படியை யார் முதலில் மிதிக்கிறார்களோ, அவரைப் பொறுத்துத்தான் வருஷம் முழுக்க வீட்டின் வரவு, உடம்பு, தொழில் எல்லாம் என்பது அங்குள்ள நம்பிக்கை. சோங் டாட் என்று அதற்குப் பெயர். நாம் கால்ராசி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் யார் வருவார் என்று பார்த்துக்கொண்டு இருக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் பிறந்த வருஷத்தின் விலங்குக்கு (அங்கே ஒவ்வொரு வருஷத்துக்கும் ராசி போல ஒரு விலங்கு உண்டு) ஒத்துப்போகிறவர், கலகலப்பானவர், கையில் நாலு காசு இருப்பவர், சமீபத்தில் வீட்டில் துக்கம் நடக்காதவர் என்று தேடி, முன்கூட்டியே ஆள் சொல்லி வைத்துவிடுவார்கள். சரியான ஆள் அமையாவிட்டால் வீட்டுக்காரரே நள்ளிரவில் கோயிலுக்குப் போய்த் திரும்பி, தானே முதல் ஆளாக நுழைந்துகொள்வதும் உண்டு.

அதனால் "எந்த நாள், எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று வெட்கப்படாமல் அவரிடமே கேளுங்கள். முதல் நாள் அப்பா வீட்டுக்கு, இரண்டாம் நாள் அம்மா வீட்டுக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்று அங்கே ஒரு சொலவடை இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் என்ற முறையில் மூன்றாம் நாள் உங்களுக்கு வசதி. 2027-ல் டெட் பிப்ரவரி 6 சனிக்கிழமை, அப்படியானால் மூன்றாம் நாள் பிப்ரவரி 8. முதல் நாள் காலை சும்மா இருக்குமே என்றால், ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, வியட்நாம்காரர்களும் நம்பிக்கையோடு வந்து கும்பிடுகிற கோயில்.

குழந்தைகளுக்கு லி சி, அதாவது சிவப்பு உறையில் பணம். தொகை பெரிதாக வேண்டாம், 50,000 டோங் தாராளம், ஆனால் நோட்டு புதுசாக இருக்கவேண்டும், இருவருக்கும் ஒரே அளவு. பண்டிகை நெருங்கினால் புது நோட்டு கிடைப்பது கஷ்டம், இப்போதே மாற்றி வையுங்கள். இரண்டு கையாலும் கொடுங்கள். வீட்டுப் பாட்டி உங்களுக்கும் ஒன்று நீட்டினால் மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே பிரித்துப் பார்க்காதீர்கள்.

வாங்கிப் போவதற்குத் தேயிலை, பிஸ்கட் டப்பா, பழக்கூடை எது வேண்டுமானாலும் சரி. பழம் என்றதும் நமக்கு வாழைப்பழம்தானே கை போகும்? நீங்கள் இருக்கும் தெற்கு வியட்நாமில் அது வேண்டாம். வாழைப்பழத்துக்கான சொல், தலைகுப்புறக் கவிழ்வதற்கான சொல் மாதிரியே காதில் விழும் என்று பூஜைத் தட்டில்கூட வைக்கமாட்டார்கள் (வேடிக்கை என்னவென்றால், வடக்கே ஹனோய் பக்கம் அதே தட்டில் வாழைச் சீப்புதான் அடியில் தாங்கும்). சைகோன் (உங்கள் நகரின் பழைய பெயர்) தட்டில் சீத்தாப்பழ வகை, தேங்காய், பப்பாளி, மாம்பழம்: பெயர்களை வரிசையாகச் சொன்னால் "செலவுக்குப் போதுமானது கிடைக்கட்டும்" என்கிற வேண்டுதல் போலக் கேட்கும். கோடி கொடு என்று கேட்காமல் போதும் என்கிற அளவுக்குக் கேட்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கத்தி, கத்தரிக்கோல், கடிகாரம் பரிசாக வேண்டாம். முழுக் கறுப்பு, முழு வெள்ளை உடையும் வேண்டாம், வெள்ளை அங்கே துக்கத்தின் நிறம்.

சாப்பாடுதான் உங்களுக்குக் கவலை என்று தெரிகிறது. வாழை இலையில் சுற்றி மணிக்கணக்கில் வேகவைக்கிற பான் டெட் என்ற ஒட்டரிசி உருளை கட்டாயம் வரும், உள்ளே பாசிப்பருப்போடு பன்றிக்கறி இருக்கும். இதிலேயே வாழைப்பழமோ கறுப்புப் பயறோ வைத்த சைவ வகையும் தெற்கில் சாதாரணம். "அன் சாய்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், சைவம் சாப்பிடுகிறவன் என்று அர்த்தம். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான், அதனால் யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள். மீன் சாஸ் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கறி இல்லாத குழம்பிலும் அது இருக்கும்.

அப்புறம், அங்கே ஏதாவது கொட்டிவிட்டால் துடைப்பத்தைத் தேடாதீர்கள். முதல் மூன்று நாள் பெருக்கினால் வந்த செல்வமும் குப்பையோடு போய்விடும் என்பார்கள்.