கையைவிட்ட கல்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலையில் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கையில் கிடந்த கைபேசி ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். இரண்டு வினாடிகள்கூட இருக்காது. நிமிர்ந்தபோது சைக்கிளில் சென்ற ஒருவர் என் வண்டிக்கு முன்னால் விழுந்து கிடந்தார். உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதம் கட்டினேன், காப்பீட்டிலிருந்து அவருக்கு இழப்பீடு கிடைத்தது. சட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் ‘விதி’ என்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது; பார்த்தது நான், விதி அல்ல. ஒரு சமயச் சொற்பொழிவில், சுயசித்தம், அதாவது எதைச் செய்வது என்று தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றல், கடவுள் மனிதனுக்கு மட்டும் அளித்த வரம் என்று கேட்டேன். வரமென்றால் அது ஏன் இப்படிச் சுடுகிறது? என்ன நடக்கும் என்று முன்பே அறிந்த கடவுள் அதை என் கையில் கொடுக்காமலே இருந்திருக்கலாமே? கல்லூரியில் படிக்கும் என் மகனோ, நாம் நினைப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, சுயசித்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறான். என்னைத் தேற்றத்தான் சொல்கிறான் என்று தெரியும். அன்று அதே நேரத்தில் எத்தனையோ பேர் கைபேசியைப் பார்த்தபடி ஓட்டியிருப்பார்கள். அவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. ஒருமுறை அழைத்தேன்; மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன்.

சுயசித்தம் வரமா, சாபமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். ‘பார்த்தது நான், விதி அல்ல’ என்ற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நின்றேன். நல்லது நடந்தால் ‘நான் செய்தேன்’ என்றும் கெட்டது நடந்தால் ‘நடந்துவிட்டது’ என்றும் எழுவாயையே மாற்றிவிடுவது நம் எல்லோருக்கும் கைவந்த கலை. நீதிமன்றம் கைகழுவிய பிறகும், கேட்பார் யாரும் இல்லாத நிலையிலும், நீங்கள் அந்த ‘நான்’ என்ற எழுவாயை விட்டுக்கொடுக்க மறுக்கிறீர்கள். மறுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த ‘நான்’ எந்த இடத்தில் இருந்தது என்பதில் உங்களோடு மாறுபடுகிறேன். நீங்கள் அந்த இரண்டு வினாடிகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள். உங்கள் சுதந்திரம் முழுவதும் அங்கே குவிந்திருந்ததாகவும், அங்கேதான் அதைத் தவறவிட்டதாகவும் எண்ணுகிறீர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். கையைவிட்ட கல்லைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆயினும் எறிவதும் எறியாதிருப்பதும் எறிந்தவனுடைய கையில்தான் இருந்தது என்பது அவர் வாதம். குடிபோதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தையும் அங்கேயே அவர் எடுத்துக்காட்டுகிறார். போதையில் அவன் தன்வசம் இல்லை என்பது உண்மை. ஆனால் குடிக்காமல் இருப்பது அவன்வசம் இருந்தது.

கைபேசி ஒளிர்ந்ததும் உங்கள் கை நீண்டதே, அதைத் தேர்வு என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கொசு கடித்த இடத்துக்குக் கை போவதுபோலத்தான் அது போயிருக்கும். தேர்வு அதற்கு முன்பே நடந்துவிட்டது: வண்டியில் ஏறியதும் கைபேசியைப் பையில் போடாமல் எட்டும் தூரத்தில் வைத்தபோது, அதற்கும் முன்னால், ஓட்டிக்கொண்டே பார்த்து ஒன்றும் ஆகாமல் தப்பித்த முந்தைய ஒவ்வொரு நாளும். வழிதவறிய விருப்பத்திலிருந்து இச்சை பிறக்கிறது, இச்சைக்கு இடம் கொடுத்துக்கொண்டே போனால் பழக்கமாகிறது, பழக்கத்தை எதிர்க்காமல் விட்டால் அது தவிர்க்க முடியாத கட்டாயமாகிறது என்று கிறித்தவ இறையியலாளரான புனித அகஸ்டின் தன் வாழ்க்கையைக் கொண்டே எழுதியிருக்கிறார். அந்தச் சங்கிலியின் வளையங்களைத் தானே செய்து மாட்டிக்கொண்டதாகத்தான் அவர் சொல்கிறார். வெளியிலிருந்து யாரும் பூட்டியதாகச் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை நானும் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். சிவப்பு விளக்கில் நின்றபோது என் இடது கை கியருக்குப் பின்னால் இருக்கும் சிறு பள்ளத்துக்குள் போய் எதையோ துழாவியது. கைபேசியை அன்று வேண்டுமென்றே பின்னிருக்கைப் பையில் போட்டிருந்தேன். அந்தப் பள்ளத்தில் சில்லறை நாணயங்களும் ஒரு பேனா மூடியும்தான் இருந்தன. கை அங்கே போனதை நாணயங்கள் விரலில் பட்டபோதுதான் உணர்ந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

உங்கள் மகன் சொன்னதற்கும் இங்கேயே வந்துவிடலாம். அவர் குறிப்பிடுவது அநேகமாக மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் குழுவினர் 1983இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். கடிகார முகத்தைப் போன்ற ஒரு திரையில் ஒளிப்புள்ளி ஒன்று வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பங்கேற்பவர் தமக்குத் தோன்றும்போது கையை அசைக்க வேண்டும். அசைக்கும் உந்துதல் எழுந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 550 மில்லி வினாடிகள் முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கியது. உந்துதலை அவர்கள் உணர்ந்ததோ சுமார் 200 மில்லி வினாடிகள் முன்புதான். இதை வைத்துக்கொண்டு சுயசித்தம் செத்துவிட்டது என்று அறிவித்தவர்கள் பலர், ஆனால் லிபெட் அவர்களில் ஒருவர் இல்லை. உந்துதலை உணர்ந்ததற்கும் அசைவுக்கும் இடையில் எஞ்சும் அந்தச் சிறு இடைவெளியில் ‘வேண்டாம்’ என்று தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இருக்கிறது என்று அவர் கருதினார். அந்த மின்மாற்றம் முடிவெடுத்ததன் அடையாளமே அல்ல, மூளையில் இயல்பாக ஏறியிறங்கிக்கொண்டிருக்கும் அலைவுகள் ஓர் எல்லையைத் தொடுவதன் தோற்றமாக இருக்கலாம் என்று 2012இல் மற்றொரு குழு வாதிட்டது.

எனக்கு இந்த ஆய்வில் வேறொரு குறை தெரிகிறது. விரலை இப்போது அசைப்பதா, அரை வினாடி கழித்து அசைப்பதா என்பதில் யாருக்கும் எந்த நன்மை தீமையும் இல்லை. எதுவும் பொருட்டில்லாத ஒரு செயலை எடுத்துக்கொண்டு, எல்லாமே பொருட்டாக இருக்கும் செயல்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எப்படிப் பொருந்தும்? கைபேசியைப் பையில் போடுவதா வேண்டாமா என்பதற்கு உங்களுக்கு மில்லி வினாடிகள் அல்ல, ஆண்டுகளே இருந்தன. கடுமையாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் உங்களை விடுவிக்கும் அந்த வழியில் நான் விடுவிக்க முடியாது.

இனி கடவுள். அகஸ்டினிடம் உங்கள் கேள்விக்கு ஏறத்தாழ நேரடியான பதிலே இருக்கிறது. கைகளைக் கொண்டு கொடுமை செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகக் கைகள் இல்லாத உடலே மேல் என்று யாரும் சொல்வதில்லை. சித்தமும் அப்படித்தான், தவறாகப் பயன்படுத்தப்படக்கூடிய நன்மை என்று இளமையில் எழுதினார். முதுமையில், மனிதன் தன் சித்தத்தாலேயே நல்வழியில் நிற்க முடியும் என்ற பெலாஜியஸின் தரப்போடு வாதிட்ட காலத்தில், இறையருள் இல்லாமல் மனித சித்தம் சிறைப்பட்டது என்ற பக்கத்தை அழுத்திச் சொன்னார். ஒரே மனிதர் இந்த இரண்டு கரைகளையும் தொட்டார் என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கீதையின் கடைசி அத்தியாயத்திலும் அதுதான் நடக்கிறது. இயந்திரத்தில் ஏற்றிவைத்தாற்போல எல்லா உயிர்களையும் ஈசன் சுழற்றுகிறான் என்கிறான் கண்ணன். இரண்டு சுலோகங்கள் தள்ளி, இதை முழுமையாக ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறான். தீதும் நன்றும் பிறர்தர வாரா என்று பாடிய கணியன் பூங்குன்றனாரும், அதே பாடலில், பேரியாற்று நீர்வழிப்படும் புணைபோல உயிர் முறைவழிப்படும் என்கிறார். மேடைகளில் முதல் பாதியைச் சொல்லிக் கைதட்டு வாங்குபவர்கள் அந்தப் புணையை ஏனோ கரையிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆற்றின் போக்கும் உண்டு, நம்முடைய நன்மை தீமைக்கு நாமே என்பதும் உண்டு என்று ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு முடிந்திருக்கிறது.

கடவுள் முன்பே அறிந்திருந்தால் நமக்கு ஏது சுதந்திரம் என்பதற்கு, மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்த ரோமானியத் தத்துவ அறிஞர் போயத்தியஸ் 6ஆம் நூற்றாண்டில் ஒரு விடை எழுதினார்: ஒருவன் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்ப்பதால் அவன் உட்காரும்படி ஆவதில்லை, காலத்துக்கு அப்பால் இருப்பவனின் பார்வையும் அப்படியே. இந்த விடை தர்க்கத்தின் சிக்கலைத் தீர்க்கலாம். நீங்கள் கேட்டதோ ‘தெரிந்தும் ஏன் கொடுத்தான்’ என்பது. அதற்கு இது பதிலாகாது.

எனவே கொடுத்தது என்ற சொல்லையே சற்றுத் திருப்பிப் பார்க்கிறேன். குர்ஆனின் 33ஆம் அத்தியாயத்தில், 72ஆம் வசனத்தில், இறைவன் வானங்களுக்கும் பூமிக்கும் மலைகளுக்கும் ஒன்றை முன்வைக்கிறான், அவை அஞ்சி அதைச் சுமக்க மறுக்கின்றன, மனிதன் சுமந்துகொள்கிறான். அதே வசனம் அவனை அநியாயக்காரன், அறியாதவன் என்றும் சொல்லிவிடுகிறது. தமிழ் முஸ்லிம்கள் அதை அமானிதம் என்ற சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள்: நம்பி ஒப்படைக்கப்பட்டது, கணக்குச் சொல்லித் திருப்பித் தர வேண்டியது. அது எதைக் குறிக்கிறது என்று உரையாசிரியர்கள் பலவாறு கூறுவர். உங்கள் கேள்விக்கு வரம், சாபம் என்ற இரண்டையும்விட இந்தச் சொல் பொருத்தமாக எனக்குப் படுகிறது. வரம் வாங்கியவன் மகிழலாம், சாபம் வாங்கியவன் அழலாம். இரண்டிலும் அவன் வேலை அதோடு முடிந்தது. அமானிதத்தை வைத்திருப்பவனுக்கு அப்படி முடிவதில்லை.

அன்று நிம்மதியாகத் தூங்கிய மற்றவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்கள் உங்களைவிட நல்லவர்கள் இல்லை. அவர்கள் பாதையில் சைக்கிள் வரவில்லை, அவ்வளவுதான். 1976இல் தத்துவ அறிஞர்களான பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதை அறவாழ்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு என்று விவாதத்துக்கு எடுத்தார்கள். வில்லியம்ஸ் சொல்லும் லாரி ஓட்டுநர், தன் தவறு ஏதுமின்றி ஒரு குழந்தையின்மீது வண்டியை ஏற்றிவிடுகிறார். சுற்றியிருப்பவர்கள் அவரைத் தேற்ற வேண்டும், அது முறை. ஆனால் அவர் உடனே தேறிவிட்டால், தேற்றியவர்களுக்கே மனம் நெருடும். குற்றமே இல்லாதவருக்கு அப்படியென்றால், ஓரளவு குற்றம் உள்ள உங்களுக்குச் சுடுவதை நோய் என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் கதைகளில் வரமும் சாபமும் எப்போதும் கலந்தே வரும். துர்வாசர் குந்திக்குக் கொடுத்தது வரம்தான். சிறுபெண்ணின் ஆவலில் அதைச் சோதித்துப் பார்த்தாள். அது ஒரு கணம், கையைவிட்ட கல். பிள்ளையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டதையும் அச்சத்தின் கணம் என்று விட்டுவிடலாம். ஆனால் அரங்கேற்றக் களத்தில் கவசத்தோடும் குண்டலத்தோடும் வந்து நின்றவனை அடையாளம் கண்டு மயங்கி விழுந்தாளே, தெளிந்த பிறகு வாய் திறக்கவில்லையே, அதைக் கணம் என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து போர் மூளும்வரை ஒவ்வொரு நாளும் அவள் பேசாமல் இருந்தாள். குந்தியின் கதையில் என்னை வருத்துவது அந்த மந்திரத்தைவிட இந்த ஆண்டுகள்தான்.

மணி அடிப்பதற்குள் துண்டித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். லிபெட் சொன்ன இடைவெளி அதுதான். அங்கே ‘வேண்டாம்’ என்று சொன்னவர் நீங்கள், மூளையின் மின்மாற்றம் அல்ல. அவர் உங்களை மன்னிக்கலாம், ஏசலாம், யாரென்று தெரிந்ததும் வைத்துவிடலாம். அது அவருடைய சித்தம். வேண்டுமானால் அழைப்பதற்கு முன் ஒரு கடிதம் எழுதி, பேசலாமா என்று கேளுங்கள். திடீரென்று உங்கள் குரலைக் கேட்க அவர் விரும்பாமல் இருக்கலாம். கடிதத்தில் விதி என்ற சொல் வேண்டாம், கைபேசி எங்கே இருந்தது என்பதை எழுதுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

அன்புடன்.