அடைப்புக்குறிக்குள் ஓர் அப்பா

கேள்வி:

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 28 வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கோவையில் இசைக்கருவிகள் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு ஆர்க்கெஸ்ட்ராவில் எலெக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கிறேன். நான் தவில் டோன் போட்டால் கைதட்டு விழும். சின்ன வயதிலிருந்து ஒரு டிரம்மரைத் தெய்வமாக நினைத்து வளர்ந்தவன் நான். இந்த வருடம் மும்பை கோரேகானில் நடந்த இசைக்கருவி வர்த்தகக் கண்காட்சிக்கு முதலாளி என்னையும் கூட்டிப்போனார். ஒரு ஸ்டாலில் அவர்! இரண்டேகால் மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், குச்சியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "வீட்டுல யாராவது வாசிப்பாங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் முதலாளியும் இருந்தார். "இல்லைங்க சார், விவசாயக் குடும்பம்" என்றேன். (அப்பா தவில் வாசிப்பவர். அதையெல்லாம் விளக்க அங்கே நேரமில்லை.) "ஓ, குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். திரும்பி வந்ததிலிருந்து பேடைத் தொட மனம் வரவில்லை. இரண்டு கச்சேரியை விட்டுவிட்டேன். ஊரில் அப்பா அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்து "நல்ல மரம்" என்றார். "பேசுனாரா சாமி?" என்று கேட்டார். "பிசிங்க" என்று சொல்லிவிட்டேன். என் வருத்தத்தை அந்தக் கலைஞருக்கு இன்ஸ்டாகிராமில் எழுதலாமா? இல்லை, இசையையே விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்.

பதில்:

தம்பி,

நம்ம பக்கம் பெற்ற பிள்ளையைக்கூட "வாங்க, போங்க, சாப்புட்டீங்களா" என்றுதான் பேசுவோம். இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களுக்கு நானும் 'நீங்கள்' போட்டுத்தான் பதில் எழுதுவேன். உனக்கு மட்டும் இன்றைக்கு 'நீ'. காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் அந்த டிரம்மர் கணக்கைத் தீர்த்துவிடலாம். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. வர்த்தகக் கண்காட்சி என்பது சந்தை. நம்ம கண்ணபுரம் மாட்டுச் சந்தை மாதிரி. அங்கே காங்கேயம் காளை, இங்கே டிரம் செட். கலிபோர்னியாவில் அனாஹைம் என்ற ஊரில் நடக்கிற 'நாம்' (NAMM) கண்காட்சிதான் உலக அளவில் இதில் பெரிய பெயர். அதை நடத்தும் வணிகர் சங்கம் 1901இல் தொடங்கியது. அங்கேயும் பெரிய பெரிய கலைஞர்கள் ஸ்டாலில் நின்று கையெழுத்துப் போடுவார்கள், கைகுலுக்குவார்கள். கம்பெனி அவர்கள் பெயரைச் சொல்லிக் குச்சியும் சிம்பலும் விற்கிறது, அதற்காக அவர்கள் வந்து நிற்கிறார்கள். உன் தெய்வம் அன்றைக்குக் கோயிலில் இல்லையப்பா, வேலையில் இருந்தது.

உன் அப்பா கல்யாண மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஐயர் கை எப்போது அசையும், கெட்டிமேளம் எப்போது கொட்டுவது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் ஒரு பையன் வந்து "ஐயா, நான் உங்க பரம ரசிகன்" என்றால் அவர் என்ன செய்வார்? தலையை ஆட்டுவார். அதைத் திமிர் என்பாயா?

அதிலும் இந்த மனிதர் தலையாட்டலோடு விடவில்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். வரிசை நீண்டு கிடக்க, காதைப் பிளக்கும் சத்தத்தில், ஒரு தாள வாத்தியக்காரர் இன்னொரு தாள வாத்தியக்காரனிடம் கேட்கக்கூடிய ஆக நல்ல கேள்வி. அதற்கு நீ பொய் சொன்னாய்.

அந்த அடைப்புக்குறியை நான் நாலு முறை படித்தேன். ஒரு பக்கக் கடிதத்தில், டிரம்மருக்கு அத்தனை வரி. வரிசைக்கு இரண்டேகால் மணி நேரம், நிமிடக் கணக்கோடு. அப்பாவுக்கு ஓர் அடைப்புக்குறி. "விளக்க நேரமில்லை" என்கிறாய். "அப்பா தவிலுங்க சார்." இதில் என்ன விளக்கம் இருக்கிறது? "விவசாயக் குடும்பம்" என்பதைவிட ஓர் எழுத்துகூட அதிகமில்லை.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்திருப்பார் என்றுதான் என் மனசுக்குப் படுகிறது. மேல்நாட்டு டிரம் வாசிக்கிற தமிழ்க் கலைஞருக்குத் தவில் என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வலது முகமான வலந்தலையில் ஒரு பேச்சு, இடது கையில் கழி பிடித்து இடது முகமான தொப்பியில் இன்னொரு பேச்சு. இரண்டு கையும் இரண்டு வேலை பார்த்துக்கொண்டே ஒரே கணக்கில் வந்து சேர வேண்டும். தவில் வித்வான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பழைய ஒலிநாடாவை மிருதங்கக்காரர்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்த உலகத்துக்குள் பிறந்தவன் நீ. அதை மறைத்துவிட்டு, அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய். கண்டுகொள்ள நீ எதை மிச்சம் வைத்தாய்?

சரி, பொய் ஏன் வந்தது? முதலில் எனக்கும் பிடிபடவில்லை. மும்பையில் யாருக்குப் பயந்து சொன்னாய் என்று யோசித்தேன். மறுபடி படித்தபோது அகப்பட்டது. "பக்கத்தில் முதலாளியும் இருந்தார்." அந்தப் பதில் டிரம்மருக்கு இல்லை, முதலாளிக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவரிடம் 'விவசாயம்' என்று சொல்லியிருக்கிறாய், அதைக் காப்பாற்ற மும்பை வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். நான் சொல்வது தப்பு என்றால் எழுது, அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்கிறேன்.

நம்ம ஊரில் 'விவசாயம்' என்ற பதிலுக்கு என்ன எடை என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது. தவில் என்று சொன்னால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் வகை என்று கேள்வி ஒவ்வொன்றாக வரும். எல்லோருக்கும் 'ங்க' போட்டுப் பேசுகிறோம் என்று பெருமையடிக்கிற கொங்கு நாட்டில், அந்த 'ங்க' மேளக்காரர் வரைக்கும் போய்ச் சேராது. உன் வயசுப் பையன்கள் உன் அப்பாவைப் பார்த்து "ஏப்பா மேளம், நிறுத்து" என்று சொன்னதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்திருப்பாய். ஆளுக்குப் பெயரே கிடையாது, கருவிதான் பெயர். கோபியில் ஒரு கல்யாணத்தில், கைகழுவும் இடத்துக்குப் பின்னால், ஒரு தவில்காரர் விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். துணிப் பட்டையைப் பசை தடவிச் சுற்றிக் காயவைத்த கூடுகள், கல் மாதிரி. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. விடியற்காலையிலிருந்து வாசித்தவர், கடைசிப் பந்திக்குக் காத்திருந்தார். பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான். அதனால் உன் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதில் எங்கள் பங்கும் இருக்கிறது.

ஆனாலும் உன்னை விடமாட்டேன். நானும் இதைச் செய்தவள்தான். என் அப்பா சென்னிமலையில் கூலிக்குத் தறி நெய்தவர். கோவையில் கல்லூரி விடுதியில் "ஜவுளி பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு நாள் அவரே நெய்த பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்துவிட்டார். நகக்கண்ணில் நூல் சாயம். என் அறைத் தோழி மரியாதையாக, "உங்க ஜவுளிக்கடை எங்கேங்க இருக்குது?" என்று கேட்டாள். அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் அவளிடம், "சென்னிமலையிலதான் கண்ணு" என்றார். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. எனக்காக ஒன்று சொன்னார். பஸ் ஏற்றிவிடப் போனபோதும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் முப்பது வருடம் இருந்தார், அப்போதும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது உன் பேடுக்கு வருகிறேன். என் அண்ணன் மகன் பவானியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரோலண்ட் கம்பெனியின் முதல் ஆக்டோபேட் 1985இல் வந்ததாம். அதற்குள் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. தட்டினால் வயர் வழியாக இன்னொரு பெட்டிக்குத் தகவல் போகும், அந்தப் பெட்டிதான் ஒலிக்கும். 'மிடி' (MIDI) என்கிற அந்த ஏற்பாட்டையே 1983 ஜனவரியில், நான் மேலே சொன்ன அதே நாம் கண்காட்சியில்தான், இரண்டு வேறு வேறு கம்பெனிக் கருவிகளை ஒரே கேபிளில் கோத்து முதலில் காட்டினார்களாம். இப்போது வரும் பேடுகளில் சத்தம் உள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் நீ தட்டும்போது வருகிற அந்தத் தவில் டோன், எங்கேயோ ஒரு தவில்காரர் மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தது. அவருக்கும் பிள்ளை இருக்கும். கைதட்டு உனக்கு விழுகிறது. மேடையில் தவில் சத்தம் வேண்டும், மும்பையில் தவில்காரர் வேண்டாம். கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை தம்பி.

அந்தக் குச்சி விஷயம். டிரம் குச்சிகளைப் பெரும்பாலும் ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தில் செய்வார்கள். உன் அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. அவர் கையில் பழகியது பூவரசங்கழி. குச்சியை வாங்கியவர் கையெழுத்தைப் பார்க்கவில்லை பார், மரத்தைப் பார்த்தார். எடை பார்த்து நல்ல மரம் என்று சொல்லிவிட்டார். உன் கடையில் குச்சி விற்கிறாயே, இப்படிச் சொல்ல உனக்கு வருமா? நீ தேடிப்போன வித்வான் உன் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார் என்று நான் எழுதினால் அது நாடக வசனம் ஆகிவிடும். உன் அப்பா எப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. சாதாரணமாகக்கூட வாசிப்பார். அதனால் என்ன? நல்லா வாசித்தால்தான் அப்பா என்று சொல்வாயா?

இசையை விடலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது கேள்வியே இல்லை, கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பது மாதிரி ஒன்று. ஒத்துக்கொண்ட இரண்டு கச்சேரியை விட்டது மட்டும் தப்பு. அந்த ராத்திரி உன் இடத்தில் யாரையோ தேடி அலைந்திருப்பார்கள். உன் அப்பா காய்ச்சலோடு முகூர்த்தத்துக்குப் போயிருப்பார், வராமல் இருந்திருக்க மாட்டார். குழுத் தலைவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேள்.

அந்தக் கலைஞருக்கு எழுதலாமா என்றால், தாராளமாக எழுது. வருத்தத்தை எழுதாதே. "அன்று நீங்கள் கேட்டதற்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். என் அப்பா தவில் வாசிப்பவர்." இவ்வளவுதான். படம் அனுப்பாதே, ஆசி கேட்காதே, பார்த்துவிட்டாரா என்று நிமிடத்துக்கு ஒருதரம் போனைத் திறக்காதே. ஆயிரக்கணக்கில் வருகிற செய்திகளுக்கு நடுவில் அது புதைந்து போகலாம். போகட்டும்.

அதற்கு முன்னால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். இதுதான் கஷ்டம், அதனால் இதுதான் முதலில். கடை திறந்து, கூட்டம் வருவதற்கு முன்னால், டீ குடிக்கும்போது சொல். நின்று பேச வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை. அவர் ஒன்றும் நினைக்காமல் போகலாம், தவில்காரர் மகன் என்று வாடிக்கையாளர்களிடம் உன்னை முன்னால் நிறுத்தவும் செய்யலாம். முகம் சுளித்தால், அந்தக் கடையில் இன்னும் எத்தனை வருடம் நிற்பது என்பதை அப்போது யோசித்துக்கொள். உனக்கு வேலை போகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. சொல்லத்தான் வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

இது ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, அப்பா வீட்டில் இருக்கிற நாட்கள் அதிகம். ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போவாய், கொடிவேரி அணைக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டு வந்து சாயங்காலம் வாசலில் உட்காருவீர்கள். "பேசுனாரா சாமி?" என்று அவர் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. 'பிசிங்க' என்பது பதில் இல்லை. "பேசுனாருங்கப்பா. வீட்டுல யாராவது வாசிப்பாங்களான்னு கேட்டாருங்க" என்று சொல்.

அதற்கு அவர் அடுத்து என்ன கேட்பார் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், முதலாளி வேலையையும் டிரம்மர் வேலையையும் முடித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறு.