வாசகர் கேள்வி–பதில்: நகரத்துக்கு அருகே ஓர் இரவு கூடாரத்தில்

கேள்வி: நாங்கள் பெருநகரத்தில் வசிப்பவர்கள். விடுமுறை நாளில் இரண்டு சிறு பிள்ளைகளுடன் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்க ஆசைப்படுகிறோம். இணையத்தில் தேடினால் எல்லா முகாம் தளங்களும் படத்தில் அழகாகவே தெரிகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் வழியைப் பாருங்கள். நகரத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் கணக்கு உங்களுக்குப் பயன்படாது. விடுமுறைக்கு முந்தைய மாலையில் நகர எல்லையைத் தாண்டுவதற்கே பயண நேரத்தில் பாதி போய்விடக்கூடும். ஆகவே, நீங்கள் புறப்படப்போகும் கிழமையையும் நேரத்தையும் கைப்பேசி வரைபடத்தில் குறிப்பிட்டு, வீட்டு வாசலிலிருந்து கூடாரம் அடிக்கும் இடம் வரை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பாருங்கள். பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கே போய்ச் சேர முடியாத இடம், சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்குத் தூரமான இடம் என்றே நான் சொல்வேன். தரையின் சரிவையும் கல்லையும் வேரையும் எறும்புப் புற்றையும் பகல் வெளிச்சத்தில்தான் கண்டுகொள்ள முடியும்.

அருகிலுள்ள தளத்தால் ஒரு பெரிய நன்மை உண்டு. பலர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. தங்கப்போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, பையும் படுக்கையும் இல்லாமல், வெறுமனே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எந்தக் கிழமையில் தங்கப் போகிறீர்களோ அதே கிழமையில், மாலையில் போய் இருட்டும் வரை இருங்கள். வேலை நாளில் ஆளரவமற்றுக் கிடக்கும் திடல், விடுமுறை நாளில் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டருமாக வேறோர் இடமாகவே மாறியிருக்கும். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அங்கிருந்து கூடாரம் வரையிலான பாதையில் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு, உங்களுக்கு ஒதுக்கப்படும் இடத்தில் ஒரு விரிப்பைப் போட்டு ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள். நிற்கும்போது சமதளமாகத் தோன்றும் தரை, படுக்கும்போது ஒரு பக்கமாக உருட்டும்.

இருட்டும் வரை இருக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் தொலைவிலிருந்து வரும் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிவான, காற்றடிக்காத இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேற்காற்று சற்று வெப்பமாக இருக்கும். அப்போது அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து நம் காதுக்கு வந்து சேரும். அதனால், பகலில் காதில் விழாத நெடுஞ்சாலை லாரிச் சத்தம் நள்ளிரவில் பக்கத்தில் ஓடுவது போலக் கேட்கும். பெருநகரத்தைச் சுற்றியுள்ள தளங்களில் தூக்கம் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். துணிச் சுவர் எந்த ஒலியையும் தடுக்காது என்பதால், கூடாரங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள், எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதையும் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இருக்காது’ என்று பொதுவாகச் சொல்பவரைவிட, நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்பவரை நம்பலாம்.

குளிரைப் பொறுத்தவரை, நகரத்துக்கான வானிலை அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் வெப்பத்தைத் தேக்கிவைப்பதால் நகரத்தின் இரவு, சுற்றுப்புறத்தைவிட வெப்பமாகவே இருக்கும். போதாக்குறைக்கு, உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே, பள்ளத்தாக்கின் அடியில் கூடாரம் அடிப்பதைவிடச் சரிவில் சற்று மேலே உள்ள சமதளத்தில் அடிப்பது நல்லது.

கடைசியாக ஒன்று: இரவில் வாயிற்கதவைப் பூட்டுவார்களா, பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நள்ளிரவிலும் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற தைரியத்தில்தானே அருகில் இடம் தேடுகிறோம்? வண்டியை வெளியே எடுக்க முடியாத இடத்தில் அந்தத் தைரியத்துக்குப் பொருளில்லை.

கேள்வி: ஆற்றங்கரையிலேயே கூடாரம் அடித்துத் தரும் ஒரு தளம் மிகவும் பிடித்திருக்கிறது. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். உண்மையிலேயே ஆபத்தா?

பதில்: வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும், மேலே மலையில் பெய்த மழை சில மணி நேரத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, ஆற்றில் வந்து இறங்கும். மேலே அணை இருந்தால், திறந்துவிடப்படும் நீரும் அப்படித்தான். வறண்டு கிடக்கும் ஓடை மணல் படுப்பதற்கு மெத்தென்று இருக்கும். ஆனால் அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான்.

கரையோர மரங்களையும் புதர்களையும் உற்றுப் பாருங்கள். காய்ந்த புல்லும் குச்சியும் பிளாஸ்டிக் துணுக்குகளும் கிளைகளில் ஒரே பக்கமாகச் சாய்ந்து சிக்கியிருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது என்று பொருள். அந்த அடையாளம் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கும் இடத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்க உங்களுக்கு மனம் வராது. தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, கரையைவிட மேடான இடத்தில் கூடாரம் அடிப்பதே சரி. நீரின் தூய்மைக்கும் காட்டு விலங்குகள் தடையின்றி நீர் அருந்துவதற்கும் கூட இந்த இடைவெளி வேண்டும். பகல் முழுதும் ஆற்றோரம் உட்கார்ந்திருங்கள். படுக்கை மட்டும் மேலே இருக்கட்டும்.

இடம் பார்க்கும்போது தலைக்கு மேலேயும் பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். இடி கேட்டால் கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது; உலோகக் கூரையுள்ள காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்காருவது பாதுகாப்பானது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதனால் வண்டி நிற்கும் இடம் சில நிமிட நடையில் இருப்பது முக்கியம்.

கேள்வி: நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காகவே போக விரும்புகிறோம். நகரத்துக்கு அருகில் இருந்துகொண்டு அது சாத்தியமா?

பதில்: ஓரளவு சாத்தியம். வானின் இருளை 9 படிகளாகப் பிரிக்கும் போர்ட்டில் அளவுகோல் 2001-இல் வெளியிடப்பட்டது; முதல் படி முழு இருள், ஒன்பதாம் படி நகர மையம். ஒளி மாசு வரைபடங்களில் நீங்கள் எண்ணியிருக்கும் தளம் எங்கே விழுகிறது என்று பார்த்து, 4 அல்லது அதற்கும் குறைந்த படி கிடைத்தால் தயங்காமல் போகலாம். அதோடு திசையும் முக்கியம். அடிவானத்தில் நகரத்தின் வெளிச்சம் கவிந்து நிற்கும் என்பதால், நீங்கள் பார்க்க விரும்பும் வானப்பகுதி நகரத்துக்கு எதிர்ப்புறம் அமைய வேண்டும். இடையில் ஒரு குன்று மறைத்தால் இன்னும் நல்லது.

அமாவாசையை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். மரத்துக்கு மரம் அலங்கார விளக்குத் தோரணம் கட்டிய தளங்கள் படத்தில் கண்ணைக் கவரும், ஆனால் உங்கள் நோக்கத்துக்கு அவை உதவாது. விளக்குகளை எப்போது அணைப்பார்கள் என்று கேட்டுவிட்டே முன்பணம் கட்டுங்கள்.

கேள்வி: எழுபது வயதான அம்மாவும் வருகிறேன் என்கிறார். மூட்டுவலி உண்டு. அழைத்துப் போகலாமா?

பதில்: அவசியம் அழைத்துப் போங்கள். குனிந்து நுழையும் சிறு கூடாரத்தைத் தவிர்த்து, நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரமுள்ளதையும் மடக்குக் கட்டிலையும் கேளுங்கள். தரையிலிருந்து எழுவதுதான் அவருக்குச் சிரமம். உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை பக்கத்திலேயே, படிகள் இல்லாத பாதையில் இருக்க வேண்டும். அதே வளாகத்தில் அறைகளும் உள்ள தளம் கிடைத்தால், அம்மாவுக்கு ஓர் அறையை எடுத்துவிட்டு, மாலை முழுதும் எல்லோரும் வெளியே ஒன்றாக இருக்கலாம்.

கேள்வி: மழை பிடித்துக்கொண்டால் கூடாரத்துக்குள்ளேயே அடுப்பு மூட்டிக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. அடைத்த கூடாரத்துக்குள் எரியும் அடுப்பிலிருந்தும், அணைந்துவிட்டது போலத் தோன்றும் கரித்துண்டிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் விழித்துக்கொள்ளாமலே உயிர் பிரிந்துவிடும். குளிருக்காகக் கரிச்சட்டியை உள்ளே வைப்பதும் இதே ஆபத்துதான். மழைக்காலத்தில் போவதாக இருந்தால், பக்கங்கள் திறந்த, கூரை போட்ட சமையலிடம் இருக்கும் தளத்தை மட்டும் பாருங்கள். அது இல்லாத இடத்துக்குச் சமைக்கத் தேவையில்லாத உணவை எடுத்துச் செல்லுங்கள்.