ஒரே சிசி என்றால் சமமா?

கேள்வி: கிளப் அளவிலான பழைய பைக் பந்தயம் ஒன்றில், ‘350 சிசி வரை’ என்ற ஒரே பிரிவில் என் புல்லட்டையும் யமஹா ஆர்டி 350 வண்டிகளையும் சேர்த்து ஓடவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. புல்லட்டின் 346 சிசியும் ஆர்டியின் 347 சிசியும் தாளில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், புல்லட்டின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டரில் கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒருமுறை பெட்ரோல் எரியும்; ஆர்டியின் டூ ஸ்ட்ரோக்கிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் எரிந்துவிடும். அதனால்தான் புல்லட் ஏறத்தாழ 18 குதிரைசக்தியோடு நின்றுவிட, ஆர்டியின் ‘ஹை டார்க்’ (High Torque) வகை 30-ஐத் தாண்டுகிறது. உலக அளவிலான பைக் பந்தயமான மோட்டோ ஜிபியிலேயே, 2002இல் 500 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகளை எதிர்த்து ஓட ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு 990 சிசி வரை அனுமதி தந்தார்கள்.

ஆனால் ஏற்பாட்டாளர்கள் சிசி கணக்கை விடாததற்கும் காரணம் உண்டு. சிலிண்டரின் விட்டத்தையும் (போர்) பிஸ்டன் நகரும் தூரத்தையும் (ஸ்ட்ரோக்) அளந்தால் சிசி தெரிந்துவிடும். குதிரைசக்தியைச் சோதிக்க, வண்டியை ஏற்றி ஓட்டி அளக்கும் ‘டைனோ’ என்ற கருவி வேண்டும், அதன்மீது ஏற்றும்போது மட்டும் வண்டியை அடக்கிவைக்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. எனவே தனிப் பந்தயம் கேட்காதீர்கள், வண்டிகள் போதாது என்பார்கள். ஒன்றாகவே ஓடிவிட்டு, முடிவுப் பட்டியலை டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் செலவு, இன்னொரு கோப்பை மட்டுமே.